கனடாவின் டெம்ப்ஸ்டர் சரளை நெடுஞ்சாலைப் பயணம்: டிரெய்லரின் இரண்டாவது ஸ்பேர் டயரைப் பின் பம்பரில் மாட்டலாமா?

மாட்ட வேண்டாம். இரண்டாவது ஸ்பேர் அவசியம்தான், ஆனால் அதன் இடம் டிரெய்லரை இழுக்கும் பிக்கப் டிரக்கின் பின்தொட்டி. டிரெய்லர் பம்பர் பெரும்பாலும் மெல்லிய சதுரக் குழாய். ஏற்கெனவே ஒரு ஸ்பேர் தொங்குகிறது. சரளைச் சாலைக் குலுக்கலில் வெல்டிங் விட்டுவிடும். டாசன் பக்கத்திலிருந்து கிளம்பினால் ஈகிள் பிளெய்ன்ஸ் வரை சுமார் 370 கி.மீ., நடுவே பெட்ரோல் பங்க்கூடக் கிடையாது. ரிம்மில் மாட்டிய டயராகவே கொண்டுபோங்கள். வெறும் டயரை அங்கே யார் மாட்டித் தருவார்?

போன தடவை ஒரே பக்கத்தில் இரண்டு டயரும் அடுத்தடுத்து போனதாக எழுதியிருக்கிறீர்கள். அது துரதிர்ஷ்டம் இல்லை என்று நினைக்கிறேன். இரட்டை அச்சு டிரெய்லரில் ஒரு பக்கத்துக்கு இரண்டு டயர்; அதில் ஒன்று காற்றிழந்தால் அதன் சுமை முழுக்கப் பக்கத்து டயர்மேல் ஏறும். அது வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே அடிபட்டிருக்கும். ஒன்று வெடித்தால் இரண்டையும் மாற்றுவதே நல்லது, இரண்டு ஸ்பேர் கேட்பதே அதனால்தான்.

கிளம்புமுன்:

1. டயர் பக்கவாட்டில் டாட் (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்; அது டயர் தயாரான தேதி. 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். ஓடாத ஸ்பேரும் கிழடாகும்.

2. வீட்டு வாசலிலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். டிரக்கின் ஜாக்கியும் ஸ்பேனரும் டிரெய்லருக்குப் பொருந்தாமல் போவது சகஜம். மாட்டியபின் 50 மைல் ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடி முறுக்குங்கள்.

ஒன்று மட்டும்: ரிம்மோடு டயர் 20 கிலோவுக்கு மேல் வரும். டிரக்கின் ஓட்டுநர் கதவு ஸ்டிக்கரில் உள்ள சுமை வரம்பில் அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.