தசை தேறிவிட்டது, தசைநாண் ஏன் தேறவில்லை?

கேள்வி: எனக்கு வயது 46. நான்கு மாதங்களாக ஓடுகிறேன். மூச்சு வாங்குவதில்லை, கால்களும் வலுவாகவே இருக்கின்றன. ஆனால் காலையில் எழுந்து முதல் சில அடிகள் வைக்கும்போது குதிகாலுக்கு நாலு விரற்கடை மேலே, பின்பக்கம் வலிக்கிறது. இரண்டு வாரம் ஓய்வெடுத்தேன், வலி போனது. மறுபடி ஓடியதும் வந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: ஓய்வில் மறைந்து ஓட்டத்தில் திரும்புகிறது என்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது.

நீங்கள் சொல்லும் இடத்தில் ஓடுவது குதிகால் தசைநாண்; தசையை எலும்போடு கட்டும் நாண்களில் உடலிலேயே தடித்தது. கெண்டைக்கால் தசையின் ஒவ்வோர் இழையையும் இணைப்புத் திசு மெல்லிய உறையாகப் போர்த்தியிருக்கிறது. அந்த உறைகள் தசை முடியும் இடத்தில் நாணோடு கலந்து எலும்பைப் பற்றுகின்றன. பாதம் தரையில் பதியும்போது நாண் சற்றே நீண்டு ஆற்றலைச் சேமிக்கிறது. குதிகால் எழும்போது திருப்பித் தருகிறது. 'நாண்' என்று பெயர் வைத்தவர் வில்லை நன்றாக அறிந்தவராக இருக்க வேண்டும். ஓடுகையில் அதன்மேல் விழும் விசை உடல் எடையைப் போல் ஆறு மடங்கையும் தாண்டும்.

தசைக்கு இரத்தம் தாராளமாகக் கிடைப்பதால் சில வாரங்களில் வலுப்பெற்றுவிடும். நாணில் செல்களும் குறைவு, இரத்தமும் குறைவு. பழைய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனைத் தடயமாக வைத்து, இதே நாணை டென்மார்க்கில் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். அதன் உட்பகுதியில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் சுமார் 17 வயதுக்குப் பிறகு புதுப்பிக்கப்படுவதே இல்லை எனலாம். உங்கள் தசை நான்கு மாதங்களில் எட்டிய இடத்தை நாண் இன்னும் எட்டவில்லை.

ஆகவே முழு ஓய்வு வலியைத்தான் குறைக்கும். நாணின் தாங்கும் திறனையும் சேர்த்தே குறைத்துவிடும். அதற்கு வேண்டியது மெதுவான சுமை. படியின் விளிம்பில் முன்பாதங்களை ஊன்றி, இரு கால்களாலும் எழும்பி, வலிக்கும் காலால் மட்டும் நிதானமாகக் குதிகாலை இறக்குங்கள். 15 தடவை வீதம் மூன்று சுற்று, நாளுக்கு இருமுறை, 12 வாரம். சுவீடனில் 1998இல் வெளியான முறை இது. அலுப்பூட்டும், ஆனாலும் நம்பத்தக்கது. லேசான வலி இருந்தால் பாதகமில்லை. மறுநாள் காலை வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். வலி குதிகால் எலும்பை ஒட்டியே இருந்தால் படி வேண்டாம், சமதரையில் செய்யுங்கள். ஓட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. தூரத்தைப் பாதியாக்கினால் போதும்.

திடீரென 'டப்' என்ற சத்தத்தோடு வலித்து நுனிக்காலில் எழும்ப முடியாமல் போனால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாடிக்) மருந்து அண்மையில் சாப்பிட்டிருந்தால், பயிற்சியைத் தொடங்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்; அவ்வகை மருந்துகள் நாண் அறுபடும் வாய்ப்பைக் கூட்டுகின்றன.