செடிக்குள் வாழும் பாக்டீரியா புற்றுநோய்க்கு மருந்தாகுமா?

கேள்வி: மூலிகைச் செடிகளுக்குள் வாழும் பாக்டீரியாக்கள் புற்றுநோய் மருந்தைச் சுரக்கின்றன என்று படித்தேன். உண்மையா? அப்படியானால் அந்தச் செடியையே அரைத்துக் குடிக்கலாமா?

உண்மைதான். ஆனால் அரைத்துக் குடிக்காதீர்கள்.

பாலக்கோட்டில் என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும், சுடுகாட்டோரம் பூக்கும் நித்தியகல்யாணியைப் பறித்து வந்து கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். அன்பில்தான் கொடுத்தார்கள். வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து அந்தச் செடியிலிருந்து வருவது உண்மை. ஆனால் அதே செடியின் ஆல்கலாய்டுகள் என்ற வேதிப்பொருள்கள் இரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் குறைப்பவை. கஷாயத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அளக்க வீட்டில் வழியே இல்லை. நான் நுண்ணுயிரியல் படித்தவள். அன்று பயந்துபோய் அந்தப் பாத்திரத்தைக் கொட்டினேன்.

இனி பாக்டீரியா. 1972இல் எத்தியோப்பியப் புதர்ச்செடி ஒன்றில் மேடன்சின் என்ற, புற்றணுவைக் கொல்லும் கடும் நச்சுப்பொருளைக் கண்டெடுத்தார்கள். செடியில் அது இருந்த அளவோ மிகச் சொற்பம். 1977இல் ஜப்பானியர்கள், கோரை இனப் புல்லில் கிடைத்த ஆக்டினோசின்னிமா என்ற பாக்டீரியா ஏறக்குறைய அதே மூலக்கூறைச் செய்வதைக் கண்டார்கள். மேடன்சின் இருக்கும் மற்றொரு செடியில் அதை உண்டாக்குவது வேருக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தாம் என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. செடியின் புகழில் பாதி அந்தக் குடியிருப்பாளர்களுக்குச் சேர வேண்டியது!

ஆனாலும் மேடன்சினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த சோதனைகள் தோற்றன. நோயாளிகளால் அதன் நஞ்சைத் தாங்க முடியவில்லை. பிறகு, பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து எடுத்த பொருளை மாற்றியமைத்து, ஹெர்2 என்ற புரதம் மிகுந்த புற்றணுவைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளோடு (ஆன்டிபாடி) இணைத்தார்கள். 2013இல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது. செடியில் கண்டெடுத்ததிலிருந்து 41 ஆண்டுகள்! பெரியம்மாவுக்குப் பெங்களூரில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றியது அந்த மருந்தைத்தான்.

படிக்கும்போது பென்னாகரம் சாலையோர ஆவாரை வேரை நானும் ஆராய்ந்திருக்கிறேன். மேல்தோல் கிருமிகளை ஹைப்போகுளோரைட்டில் கொன்று, கடைசியாகக் கழுவிய நீரையும் தனித் தட்டில் ஊற்றிவைப்போம். அதில் எதுவும் முளைக்காவிட்டால்தான் வேர்த்துண்டைச் சுற்றி எழுவது உள்ளிருந்து வந்தது என்று நம்பலாம். இரண்டு வாரம் கழித்து மூடியைத் திறந்தபோது புதுமழை மண்வாசம் வந்தது. ஆக்டினோசின்னிமாவின் உறவுக்காரப் பாக்டீரியாக்கள் பலவற்றின் வாசம் அது. அந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. வேரிலிருந்து வளர்ந்த அந்தப் பாக்டீரியாவின் சாறு தட்டில் வளர்த்த புற்றணுக்களைக் கொன்றது. தட்டில் புற்றணுவைப் பிளீச்சிங் பவுடரும் கொல்லும் என்று எங்கள் ஆசிரியை அன்றே சொன்னார். நல்ல அணுவை விட்டுவைக்கிறதா, உடல் தாங்குகிறதா என்ற கேள்விகள் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன.

உங்கள் வீட்டில் யாராவது ஏற்கெனவே கஷாயம் குடித்துக்கொண்டிருந்தால், திட்டாதீர்கள். என்ன இலை, எத்தனை நாள் என்று எழுதி எடுத்துக்கொண்டு, அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.