பளபளப்பைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள்: கருவி வாங்குவது பற்றிக் கேள்வி-பதில்

புதுப்பேட்டையில் பைக் மெக்கானிக் ஷெட் போடப் போகிறேன். பாரிமுனை செம்புதாஸ் தெருவில் 46 உருப்படி ஸ்பேனர், சாக்கெட் செட் மலிவாகக் கிடைக்கிறது. பெட்டி முழுக்க ‘குரோம் வனேடியம்’ என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். அந்த 46-இல் தினமும் உங்கள் கைக்கு வரப்போவது 8, 10, 12, 14, 17 என்று ஒரு சில நம்பர்கள்தான் (போல்ட் தலையின் மில்லிமீட்டர் அளவு). மீதி பெட்டியிலேயே தூங்கும். செட்டுக்கு வைத்திருக்கும் காசில் அந்த நம்பர்களை மட்டும் நல்ல கம்பெனியில் உதிரியாக வாங்குங்கள்.

குரோம் வனேடியம் என்பது கருவிகளுக்கான உறுதியான எஃகு வகை; ஆனால் பெட்டியில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதனால் 10 நம்பர் தலை உள்ள புது போல்ட் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். ஸ்பேனரின் வாயை அதில் மாட்டி ஆட்டிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். லொடலொடவென்று ஆடினால் அது போல்ட் தலையின் மூலைகளைத் தின்றுவிடும். தலை உருண்டுபோனால் வண்டிக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். சாக்கெட் என்றால் உள்ளே ஆறு பட்டை உள்ளதைக் கேளுங்கள். பன்னிரண்டு பட்டை குறுகிய இடத்தில் சுலபமாக மாட்டும், ஆனால் துருப்பிடித்த போல்ட்டில் வழுக்கும். அம்பத்தூரில் நான் தொழில் பழகியபோது மலிவு ஸ்பேனர் ஒன்று வாய் விரிந்து, விரல் முட்டி கிழிந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது.

எலக்ட்ரீஷியன் வேலை செய்கிறேன். பிளாஸ்டிக் உறை போட்ட கட்டிங் பிளையர் எல்லாமே ஷாக் அடிக்காதா?

அப்படி இல்லை, ஷாக் அடிக்கலாம். இந்த நம்பிக்கை ஆபத்தானது. சாதாரண உறை கை வழுக்காமல் இருக்கத்தான். மின்காப்புக்கென்றே செய்த பிளையரில் ‘1000 வோல்ட்’ என்ற எழுத்தும், பக்கத்தில் இரட்டை முக்கோணக் குறியும், ஐஇசி 60900 என்ற சர்வதேசத் தர எண்ணும் பதிந்திருக்கும். அந்தத் தரப்படி ஒவ்வொரு பிளையரையும் 10,000 வோல்ட்டில் சோதித்த பிறகே விற்க வேண்டும். உறையில் கீறல் விழுந்துவிட்டால் டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். அப்புறம், எந்தப் பிளையர் வைத்திருந்தாலும் மெயினை அணைத்துவிட்டுத்தான் வேலை.

புது அளவு டேப்பின் முனைக் கொக்கி ஆடுகிறது. ரிவெட்டைத் தட்டி இறுக்கலாமா?

ஐயோ, சுத்தியலைக் கீழே வையுங்கள்! அது வேண்டுமென்றே விட்ட ஆட்டம். கொக்கியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவுதான் நகரும். விளிம்பில் மாட்டி இழுத்தாலும், உள்ளே முட்டி அளந்தாலும் அளவு சரியாக வருவதற்காகத்தான் அது. மரவேலைக்கு வாங்கும்போது டேப்பில் துல்லிய வகுப்பைக் காட்டும் ரோமன் எண் ‘ஒன்று’ இருக்கிறதா பாருங்கள். அதில் 5 மீட்டருக்கு 0.6 மில்லிமீட்டர்தான் பிழை வரலாம். ‘இரண்டு’ என்றால் 1.3 வரை.

திருவொற்றியூரில் கடலோரம் பட்டறை. எதை வாங்கினாலும் துரு.

உப்புக்காற்று பிராண்ட் பார்ப்பதில்லை. கடையை மூடும்போது எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, பிளையரின் மூட்டில் ஒரு சொட்டு மெஷின் ஆயில். ஈரக் கோணிப்பையில் மட்டும் சுற்றி வைக்காதீர்கள்.