ஒரே ஒரு புள்ளி

கேள்வி: அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில் 2017 அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்தை வீடியோவில் பார்த்தேன். டப்ளினிடம் மேயோ அணி ஒரே புள்ளியில் தோற்றதும் ஒரு ரசிகர் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். 1951க்குப் பிறகு அந்தக் கோப்பையை வாங்காத அணியாமே! அதற்காகவா இப்படி? ஜெயிக்கிற அணிக்கு மாறிவிட வேண்டியதுதானே?

பதில்: மாற முடியாது ஐயா. அங்கே அணி என்றால் சொந்த மாவட்டம். மேயோ என்பது அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள மாவட்டம். ஆட்டக்காரர்களை யாரும் ஏலம் எடுப்பதில்லை, அவர்களுக்குச் சம்பளமும் கிடையாது. குரோக் பார்க் மைதானத்தில் எண்பதாயிரம் பேர் முன்னால் ஆடிவிட்டு, அவரவர் வேலைக்குத் திரும்புகிறார்கள். அழுதவருக்கு அந்தப் பதினைந்து பேரில் ஒருவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையாகக்கூட இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை பரீட்சையில் ஒரு மார்க்கில் கோட்டைவிட்டால், நன்றாகப் படிக்கிற வேறு பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று அந்த வீட்டில் போய்ச் சொல்வீர்களா?

சரி, அந்த ஆட்டத்துக்கு வருகிறேன். அப்போதைய விதிப்படி வலைக்குள் அடித்தால் மூன்று புள்ளி, குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒன்று. டப்ளின் இரண்டாவது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டது. மேயோ அசரவில்லை. இடைவேளையில் ஒரு புள்ளி முன்னால் இருந்தார்கள். அப்புறம் இரண்டு பக்கமும் ஆளுக்கொருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார்கள். மேயோவின் லீ கீகன் கோல் அடித்தார். ஆட்டம் முடியப் பத்து நிமிடம்கூட இல்லாதபோது மேயோவுக்கு இரண்டு புள்ளி முன்னிலை. அதையும் டப்ளின் சமன் செய்தது.

கடைசியில் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் மேயோவின் கில்லியன் ஓகானருக்கு ஒரு ஃப்ரீ கிக். பந்து போய்க் கம்பத்தில் மோதித் திரும்பியது. ஒரு சாண் உள்ளே போயிருந்தால் 66 வருடக் காத்திருப்பு அன்றே முடிந்திருக்கலாம். அடுத்து டப்ளினின் டீன் ராக்குக்கு ஒரு ஃப்ரீ கிக். அவர் ஓடி வரும்போது, கீகன் தன் சட்டைக்குள் இருந்த, ஓட்டத்தை அளக்கும் சிறிய ஜிபிஎஸ் கருவியைப் பிடுங்கி அவரை நோக்கி வீசினார். அது தவறுதான், நான் ஆதரிக்கவில்லை. ஆனால் கையில் வேறு எதுவுமே மிஞ்சாத மனிதனின் செயல் அது. ராக் கலங்கவில்லை. பந்து கம்பங்களுக்கு நடுவே பறந்தது. 1-17க்கு 1-16. முதல் எண் கோல், அடுத்தது ஒற்றைப் புள்ளிகள். அதாவது இருபதுக்குப் பத்தொன்பது.

அந்த ரசிகருக்கு இது முதல் அடியும் இல்லை. 2013லும் ஒரு புள்ளி. 2016இல் ஆட்டம் சமனாகி, மறுபடி ஆடி, அதிலும் ஒரு புள்ளி. மூன்று முறையும் எதிரே டப்ளின். இருபது புள்ளி வித்தியாசத்தில் தோற்றால் பாதி ஆட்டத்திலேயே மனம் ஆறிவிடும். ஒரு புள்ளியில் தோற்றவனுக்கு அந்தக் கம்பம் கண்ணை விட்டுப் போகாது. அவர் அழுததில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

2021 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை அரையிறுதி. தொடர்ந்து ஆறு முறை கோப்பை வென்ற டப்ளின் எதிரே. மேயோ ஒரு புள்ளி பின்தங்கியிருந்த கடைசிக் கட்டத்தில், கோல் காப்பாளர் ராப் ஹென்னலி 45 மீட்டரிலிருந்து அடித்த பந்து வெளியே போனது. டப்ளின் ஆட்டக்காரரின் விதிமீறலால் நடுவர் மறுபடி அடிக்கச் சொன்னார். அடித்தார், சமன். கூடுதல் ஆட்டத்தில் 17க்கு 14 என்று மேயோ ஜெயித்தது. இறுதியில் டைரோனிடம் தோற்றார்கள், அது வேறு. நீங்கள் சொன்னபடி 2017லேயே அந்த ரசிகர் ஜெயிக்கிற பக்கம் போயிருந்தால், அந்தச் சனிக்கிழமை இரவு அவருக்குக் கிடைத்திருக்காது.