மலை மழையில் இழுக்க வராத சுருட்டை என்ன செய்வது?

கொடைக்கானலில் ஐப்பசி மழையில் தங்கியிருக்கிறேன், நண்பர் வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த பெட்டியில் பாதிச் சுருட்டு இழுக்கவே வரவில்லை, குத்தித் துளைக்கிற கருவி வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம், ஆனால் இன்றைக்கு எதையும் குத்தாதீர்கள். முதலில் காய விடுங்கள். இந்த மலையில், அதுவும் வடகிழக்குப் பருவமழையில், இழுக்க வராத சுருட்டில் பெரும்பாலானவற்றுக்குக் கோளாறு ஈரம்தான், சுற்றியவர் கை இல்லை.

எனக்கு இது தெரிய வந்தது வீட்டில். நான் பூம்பாறைக்காரன். தாத்தா திண்டுக்கல் சந்தைக்குப் போனால் ஒரு கட்டுச் சுருட்டு வாங்காமல் வர மாட்டார். கீழே வத்தலக்குண்டு கடை வாசலில் நின்று பற்றவைக்கும்போது சுகமாக இழுக்கும் அதே கட்டு, மேலே வந்து நாலு நாள் மஞ்சு மூட்டத்தில் இருந்தால் கன்னம் ஒட்ட இழுத்தாலும் புகை வராது. அவர் ஒரு வார்த்தை கூடத் திட்டாமல் தகர டப்பாவோடு அடுப்படிச் சுவருக்கு எட்ட, சூடு லேசாகப் படுகிற மாடத்தில் வைத்துவிடுவார். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும்.

காரணம் இதுதான். புகையிலை காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு ஊதும். வெளியே மேல் இலை இறுக்கிப் பிடித்திருப்பதால் உள் இலைகள் வெளிப்பக்கமாக விரிய முடியாமல், நடுவே காற்று போகிற சந்துகளை அடைத்துக்கொள்ளும். சுருட்டு நன்றாக எரிய 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் போதும், 65-ஐ ஒட்டி இருந்தால் இன்னும் எளிதாக இழுக்கும். 2,100 மீட்டர் உயரத்தில் மேகம் ஜன்னலுக்குள் வருகிற நாளில் வீட்டுக் காற்றே அதையெல்லாம் தாண்டி நிற்கும்.

அதனால்தான் வெளிநாட்டுக்காரர்கள் சொல்கிற வழி இங்கே அப்படியே பலிப்பதில்லை. காலியான மரப்பெட்டியில் ஒரு நாள் வெறுமனே போட்டு வை, காய்ந்துவிடும் என்பார்கள். சென்னையில் குளிர்சாதன அறையில் சரி. கொடைக்கானலில் நவம்பரில் மரப்பெட்டியும் சேர்ந்துதான் நனையும். இங்கே செய்ய வேண்டியது, இறுக்கமாக மூடுகிற டப்பா ஒன்றில் சுருட்டை வைத்து, கூடவே 62 சதவீதம் என்று போட்டிருக்கிற பொவேடா பொட்டலம் ஒன்றைப் போடுவது. அது ஈரம் கூடினால் உறிஞ்சும், குறைந்தால் விடும், ஒரு வாரம் பத்து நாள் பொறுமையாக விடுங்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால், உப்பு ஜாடியில் போடுவோமே, அது போல நன்றாக வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு கைப்பிடி, துணியில் முடிந்து சுருட்டைத் தொடாமல் ஓரமாக வைத்து, தினமும் விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே வாருங்கள். செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா மணி வேண்டாம், அது வெளி இலையை மட்டும் வேகமாகக் காய வைத்துவிடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும், இலை வெடிக்கும். அறை ஹீட்டர் முன்னால் வைப்பதும் அதே கதைதான்.

இன்னொன்று, பூண்டு காய்கிற பரணில் மட்டும் வைக்காதீர்கள். புகையிலை எந்த வாசத்தையும் பிடித்துக்கொள்ளும். எங்கள் ஊர் மலைப்பூண்டு பக்கத்தில் ஒரு வாரம் இருந்த என் சுருட்டுகளை நான் தூக்கித்தான் எறிந்தேன்.

டப்பாவுக்குள் ஈரமானி வைத்தால் அது சொல்வதை உடனே நம்ப வேண்டாம். ஒரு மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் சேறு போல ஆகிற அளவுக்குச் சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு காற்றுப் புகாத பையில் ஒரு நாள் முழுக்க மூடி வையுங்கள். அது 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் உங்கள் ஈரமானி எப்போதும் 5 கூட்டிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்த பிறகும் வரவில்லையா? இப்போது பற்றவைக்காமலே வெறுமனே இழுத்துப் பாருங்கள். சில நேரம் வாயில் வைக்கிற தலைப்பக்கம் வெட்டியது போதாமல் இருக்கும், சின்னத் துளை மட்டும் போட்டிருந்தால் நேராக ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் வெட்டிவிடுங்கள், ஆனால் தோள்ப்பட்டை போல வளைந்து இறங்குகிற இடத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மேல் இலை அவிழ்ந்துவிடும். (நம் உறையூர், திண்டுக்கல் சுருட்டுக்கு இரண்டு முனையும் திறந்தே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.) அப்புறம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெதுவாக உருட்டிக்கொண்டே தலையிலிருந்து அடி வரை போங்கள். எங்கேயாவது கல் மாதிரி ஒரு முடிச்சு தட்டுப்படும். அது இலைக்காம்போ முறுக்கிக்கொண்ட உள் இலையோ. லேசாக உருட்டியே சில முடிச்சு இளகும்.

இளகாத முடிச்சுக்குத்தான் கருவி. பெர்ஃபெக்ட்ரா (PerfecDraw) என்று ஒன்று விற்கிறார்கள், மெல்லிய எஃகுத் தண்டு, அதில் வரிவரியாகப் பல், உள்ளே விட்டுத் திருகி இழுத்தால் புகையிலைத் துணுக்கை வெளியே கொண்டு வரும். அந்தப் பல்தான் முக்கியம். வழவழப்பான ஊசி இலையை ஓரமாக நெரிக்கும், எடுக்காது, கொஞ்ச நேரத்தில் திரும்ப அடைக்கும். என்னிடம் இருப்பது துருப்பிடிக்காத சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. அதன் முனையில் மரை இருக்கிறதல்லவா, அது அதே வேலையைச் செய்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு போகச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீரில் போட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள். மூங்கில் குச்சி அவசரத்துக்கு, உள்ளே சிம்பு ஒடிந்து நிற்கும், எனக்குப் பிடிக்காது.

கம்பியை நேராகக் குத்தித் தள்ளவே கூடாது. திருகு போடுவது போலச் சுற்றிக்கொண்டே, நடுவைப் பார்த்து, முடிச்சு எங்கே என்று விரல் சொன்னதோ அதுவரைக்கும் மட்டும், பிறகு அதே திசையில் சுற்றியபடி வெளியே. சுருட்டை மறு கையால் தழுவிப் பிடித்திருங்கள், கம்பி பக்கவாட்டில் வந்தால் உள்ளங்கைக்கு முதலில் தெரியும். ஒவ்வொரு முறையும் இழுத்துப் பாருங்கள். இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் துளை போட்டுவிட்டால் புகை அந்தக் குழாய் வழியாக மட்டும் கொதிக்கக் கொதிக்க வரும், நாக்கு எரியும், சுற்றியுள்ள இலை எரியாமல் நிற்கும். முடிச்சு அடிப்பக்கம் இருந்தால் பற்றவைக்கிற முனை வழியாகவே போகலாம்.

நடுவில் நன்றாக இழுத்து, கடைசி மூன்றில் ஒரு பங்கு வரும்போது அடைத்தால் அது வேறு. தலையில் கறை கட்டியிருக்கும், இன்னும் இரண்டு மில்லிமீட்டர் வெட்டினால் தீர்ந்தது.

உங்கள் பெட்டி கியூபாவுடையது என்றால், 1990-களின் கடைசியில் தேவை ஏறிப் போய் அவசரமாகச் சுற்றியதில் அங்கே அடைத்த சுருட்டு நிறைய வந்தது, 2000-களின் தொடக்கத்தில் இழுவையைச் சோதிக்கிற இயந்திரங்களைத் தொழிற்சாலைகளில் வைத்தார்கள். பழைய பெட்டியாக இருந்தால் உண்மையான முடிச்சு இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் காய வைப்பதுதான் முதலில். கம்பியில் வருகிற துணுக்கை விரலில் உருட்டிப் பாருங்கள், பொடியாகாமல் பிசுபிசுவென்று உருண்டையானால் இன்னும் ஈரம் போகவில்லை, கம்பியை ஓரமாக வைத்துவிட்டுச் சுருட்டைத் திரும்ப டப்பாவில் போடுங்கள்.