மாத்திரை எழுதாத டாக்டரம்மா

மதுரையில் கிளினிக் நடத்தும் மருத்துவ உளவியலாளர் ஒருவர் இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

டாக்டர், மனநல மருத்துவரும் நீங்களும் ஒன்றுதானா? என்ன படித்திருக்கிறீர்கள்? தெருவுக்குத் தெரு கவுன்சலிங் சென்டர் போர்டு தொங்குகிறதே, யாரை நம்பிப் போவது?
– வாசகர், திண்டுக்கல்

முதலில் அந்த 'டாக்டரை' எடுத்துவிடுங்கள். நான் எம்.பி.பி.எஸ். படித்தவள் இல்லை, பிஎச்.டி.யும் முடிக்கவில்லை. கிளினிக்கில் எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருத்தித் திருத்தி எனக்கே அலுத்துவிட்டது.

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர். மாத்திரை எழுதுவது அவர் வேலை. நான் உளவியலில் எம்.எஸ்சி. முடித்து, பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனையில் இரண்டு வருட எம்.ஃபில். செய்தேன். அந்த இரண்டு வருடமும் வகுப்பைவிட வார்டில் கழிந்ததுதான் அதிகம். 'தூக்கம் இல்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டு போய் நின்றால் எங்கள் பேராசிரியை மேடம் விடமாட்டார். "படுத்ததும் வரலையா, நடுராத்திரி முழிப்பு வருதா, இல்ல விடியக்காலம் மூணு மணிக்கே எழுந்து உட்கார்ந்துடறாரா? போய்க் கேட்டுட்டு வா." வழக்கத்தைவிட வெகு சீக்கிரம் விழித்துக்கொள்வது தீவிர மனச்சோர்வின் அடையாளங்களில் ஒன்று. படுத்ததும் தூக்கம் வராமல் புரள்வது பெரும்பாலும் பதற்றத்தோடு வரும். அந்த ஒரு கேள்வியில் சிகிச்சையின் திசையே மாறிவிடும்.

சோதனைகளும் எங்கள் வேலைதான். மைக்கறையைக் காட்டி 'என்ன தெரிகிறது?' என்று கேட்கும் ரோர்ஷாக்கின் பத்து அட்டைகள் சினிமா தயவில் பிரபலம். நிஜத்தில் அரசு மருத்துவமனை உளவியலாளரின் நேரத்தைத் தின்பது, மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காகக் குழந்தைகளுக்கு பினே-காமத் போன்ற அறிவுத்திறன் சோதனை செய்வது.

யாரை நம்புவது என்று கேட்டீர்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் மருத்துவ உளவியலாளர்கள் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணும் உண்டு. அதைக் கேளுங்கள். கேட்டதற்கே முகம் சுளிக்கிறவரிடம் போகாதீர்கள். தேர்வு பயம், குடும்பச் சச்சரவு என்றால் நன்றாகப் பயிற்சி பெற்ற கவுன்சலர் போதும். காதில் குரல் கேட்கிறது, யாரோ விஷம் வைக்கிறார்கள் என்ற சந்தேகம், சாக வேண்டும் என்ற எண்ணம் இதெல்லாம் இருந்தால் நேராக மனநல மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஒரு சைக்காலஜிஸ்டிடம் போனேன். முக்கால் மணி நேரம் என்னையே பேச வைத்தார். "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். ஒரு தீர்வும் சொல்லவில்லை. இதற்கா ஃபீஸ்?
– வாசகர், தேனி

முதல் நாள் அப்படித்தான் இருக்கும். அது உங்கள் கதையைக் கேட்கும் நாள். ஆனால் மூன்றாவது நான்காவது சந்திப்பிலாவது, உங்களுக்கு என்ன நடக்கிறது என்று அவர் என்ன நினைக்கிறார், என்ன செய்யப்போகிறீர்கள் என்று விளக்கியிருக்க வேண்டும். விளக்காவிட்டால் தாராளமாகக் கேளுங்கள். காசு கொடுப்பவர் நீங்கள்.

அறிவுரைக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. அதைச் சொல்ல நான் எதற்கு? என் வழி பெரும்பாலும் சிபிடி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் சோதித்து மாற்றும் சிகிச்சை. அமெரிக்காவில் 1960-களில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் உருவாக்கியது. ஃபிராய்டு வழியில் பயின்றவர் அவர். தம்மிடம் வந்த மனச்சோர்வு நோயாளிகளின் மனதில் தங்களைப் பற்றிய கறுப்பான எண்ணங்கள் தாமாகவே வந்து வந்து போவதைக் கவனித்து, அங்கிருந்து தொடங்கினார்.

மாதிரிக்கு ஒன்று. ஆபீசில் மேனேஜர் குட்மார்னிங்குக்குப் பதில் சொல்லவில்லை. 'நம்மளத் தூக்கப்போறாங்க' என்று ஒருவர் முடிவுகட்டுகிறார். மீட்டிங்கில் வாய் திறப்பதில்லை, ராத்திரி சாப்பாடு இறங்குவதில்லை. பழைய டைரியில் மூன்று பத்தி போட்டு எழுதச் சொல்வேன்: என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, அதை எவ்வளவு நம்புகிறீர்கள். அடுத்த வாரம் மீட்டிங்கில் ஒரு கேள்வியாவது கேட்டு, என்ன ஆகிறது என்று பார்த்துவரச் சொல்வேன். 'பாசிட்டிவாக யோசியுங்கள்' என்பது என் வாயில் வராது. அந்த மேனேஜருக்கு நிஜமாகவே இவரைப் பிடிக்காமல் இருக்கலாம். சரி, அப்படியானால் அவரோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று பேசுவோம்.

என் தம்பி மனைவி ஓயாமல் கை கழுவுகிறாள். பஸ்ஸில் போய்வந்தால் ஒரு மணி நேரம் பாத்ரூமில்தான். இதைப் பேசிப் பேசிச் சரிபண்ண முடியுமா மேடம்?
– வாசகி, விருதுநகர்

பேசி மட்டும் முடியாதும்மா. செய்து பார்க்க வேண்டும். நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்கமாட்டேன், ஆனால் நீங்கள் எழுதியிருப்பது ஓசிடி மாதிரிதான் தெரிகிறது. வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதை அடக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நோய் அது.

இப்படி வருகிறவரோடு உட்கார்ந்து முதலில் ஒரு பட்டியல் போடுவேன். எதைத் தொட்டால் எவ்வளவு பதற்றம் என்று பூஜ்யம் முதல் நூறுவரை மதிப்பெண். கதவுக் கைப்பிடி 30, கடைக்காரர் தந்த சில்லறை 50, பஸ் கம்பி 75, பஸ் ஸ்டாண்டு கழிப்பறை 100 என்று அவரே போடுவார். கைப்பிடியில் தொடங்குவோம். என் அறைக் கதவை நான் தொடுவேன், அவரும் தொடுவார். அப்புறம் இரண்டு பேரும் கழுவாமல் உட்கார்ந்திருப்போம். கை மடியில் படாமல் அந்தரத்திலேயே இருக்கும். "இப்ப எவ்வளவு?" என்று அவ்வப்போது கேட்டுக் குறித்துக்கொள்வேன். 30 என்று நினைத்தது 60-க்கு ஏறும். முந்தானையில் கை போகிறதா என்று என் கண் அங்கேயே இருக்கும், ஏனென்றால் துடைப்பதும் கழுவுவதில்தான் சேர்த்தி. "ஒண்ணும் ஆகாதுல்ல மேடம்?" என்று கேட்பார். "ஆகாது" என்று சொல்லமாட்டேன். சொன்னால் அதுவும் ஒரு சோப்பு. கழுவாமலே பதற்றம் இறங்குவதை அவரே பார்க்க வேண்டும். சில நாள் இறங்காது. இறங்காவிட்டாலும் தாங்க முடிகிறது என்று தெரிந்துகொள்வார். அடுத்தது சில்லறை.

லண்டனில் விக்டர் மேயர் என்பவர் 1966-இல் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை இது. நோயாளி போய்க் கழுவிவிடாமல் இருக்கக் குழாயையே அடைத்துவைத்தார்கள். இப்போது அப்படிச் செய்வதில்லை. அவர் சம்மதித்து, அவரே செய்ய வேண்டும். இதைப் படித்துவிட்டு வீட்டில் மோட்டாரை நிறுத்திவிடாதீர்கள்!

உங்கள் தம்பிக்கும் வேலை இருக்கிறது. "கை சுத்தமா இருக்கா?" என்று அவர் மனைவி கேட்க, "இருக்கு, இருக்கு" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். அன்பில் சொல்வதுதான், நோய்க்கு அதுதான் தீனி. அதை எப்படிக் குறைப்பது என்று அவரையும் உட்காரவைத்துப் பேசுவேன். நோய் முற்றியிருந்தால் முதலில் மனநல மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். செர்ட்ரலின், ஃபுளுஆக்ஸெட்டின் போன்ற மாத்திரைகள் ஓசிடிக்கு நன்றாகவே உதவும். பதற்றம் கொஞ்சம் அடங்கினால்தான் கதவைத் தொடவே சிலருக்குத் தெம்பு வரும்.

உங்களிடம் சொல்வது மாமனார் வீட்டுக்குப் போய்விடுமா?
– பெயர், ஊர் வேண்டாம்

போகாது. மாமனார் போன் செய்தால், நீங்கள் வந்தீர்கள் என்பதையே சொல்லமாட்டேன். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதை உங்கள் உரிமை என்கிறது. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் மௌனமாக இருக்க முடியாது. அதை முதல் நாளே சொல்லிவிடுவேன்.

மனநோய் தீரும் என்று அம்மா குணசீலம் கோயிலுக்குப் போகலாம் என்கிறார். நீங்கள் சிரிப்பீர்களா?
– வாசகர், கரூர்

எதற்குச் சிரிக்க வேண்டும்? போய்வாருங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவில் துவாவோடு, அதாவது பிரார்த்தனையோடு, மருந்தும் தரும் திட்டமே உண்டு. நான் சண்டை போடுவது சங்கிலியோடு மட்டும்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் எரிந்தபோது, கட்டிப்போட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் இப்போது தடை செய்திருக்கிறது. யாராவது கட்டச் சொன்னால் உடனே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

தனியார் கிளினிக் ஃபீஸ் கட்ட வசதியில்லை. என்ன செய்ய?
– வாசகி, சிவகங்கை

மாவட்ட மனநலத் திட்டத்தில் உங்கள் அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கும். மதுரை வர முடிந்தால் அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலத் துறை இருக்கிறது. நடுராத்திரி என்றாலும் 14416-க்குப் போன் செய்யலாம். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். மருத்துவமனைக்குப் போகும்போது பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப்போங்கள். 'வெள்ளையா, சின்னதா ஒரு மாத்திரை' என்றால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.