அம்மாவுக்கு எஸ்விடின்னு (இதயம் திடீர்னு ரொம்ப வேகமா துடிக்கறது) அடினோசின் ஊசி போட்டப்ப மானிட்டர்ல கோடு நேரா போச்சு, "உயிர் போகுது"ன்னு கத்துனாங்க. இது ஆபத்தான மருந்தா?

குன்னூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில எமர்ஜென்சி ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன், இந்த ஊசி நிறைய போட்டிருக்கேன். உங்கம்மா சொன்னதையேதான் நிறைய பேர் சொல்லுவாங்க. மூஞ்சி செவந்துரும், நெஞ்ச அமுக்கும், மூச்சு முட்டும், போய்ட்டோம்டா சாமின்னு ஒரு பயம் வரும், பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள்ள எல்லாம் சரியாயிரும். போடுறதுக்கு முன்னாடியே இத சொல்லிடணும்ங்க, சொல்லாம போடுறது எனக்கு பிடிக்கவே பிடிக்காது.

கோடு நேரா போனது மருந்து வேலை செஞ்சதாலதான். எஸ்விடில பெரும்பாலும் கரண்ட் ஏவி நோடு (இதயத்தோட மேலறைல இருந்து கீழறைக்கு கரண்ட் போற வழி) வழியா சுத்தி சுத்தி வந்து இதயத்த நிமிஷத்துக்கு 150, 200ன்னு ஓட விடும், அடினோசின் அந்த நோட சில செகண்ட் அடைச்சிடும், சுத்துறது அறுந்ததும் நார்மல் துடிப்பு தானா வந்துரும். ரத்தத்துல இதோட அரை ஆயுள் (மருந்து பாதியா குறையற நேரம்) 10 செகண்டுக்கும் கம்மி, அதனால முழங்கை மடிப்புல பெரிய நரம்பா பாத்து 6 மி.கி. ஒரே தள்ளா தள்ளி, உடனே சலைன் 20 மி.லி. விட்டு கைய தூக்கிப் பிடிப்போம், ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல அடங்கலன்னா 12 மி.கி. மார்கழி குளிர்ல இங்க நரம்பு கிடைக்கறதுக்குள்ள எங்களுக்கே படபடப்பு வந்துரும்!

நம்ம ஊர்ல இன்னொரு சிக்கல் டீ. டீ, காபில இருக்கற கெஃபைன் இந்த மருந்தோட வேலைய தடுக்கும், எஸ்டேட்ல காலைல இருந்து டீயா குடிச்சுட்டு வர்றவங்ககிட்ட "கடைசியா எப்ப குடிச்சீங்க"ன்னு கேக்காம நான் விடமாட்டேன். அத விட முக்கியம் ஆஸ்துமா, வீசிங் இருந்தா கண்டிப்பா சொல்லணும், மூச்சுக்குழாய் சுருங்கிடும், அவங்களுக்கு டாக்டர் பொதுவா வேற மருந்துக்கு போயிடுவார். ஃபிட்ஸுக்கு கார்பமாசெபைன், இல்ல ரத்தம் உறையாம இருக்க டைபிரிடமோல் சாப்பிடறவங்களும் சொல்லணும், அடினோசினோட தாக்கம் கூடிரும். ஊசி போடும்போது ஷாக் மிஷின் பக்கத்துல வெச்சிருப்போம், அத பாத்து பயப்படாதீங்க.

திரும்பத் திரும்ப வந்தா கோயம்புத்தூர் கூட்டிட்டுப் போய் அப்லேஷன் (கரண்ட் சுத்துற அந்த வழிய ஒயர் விட்டு சுட்டு அடைக்கறது) பத்தி கேளுங்க. படபடப்பு இருந்தப்ப எடுத்த ஈசிஜிய தொலைச்சிடாதீங்க, அங்க மொதல்ல அதத்தான் கேப்பாங்க.